பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவு விலை கிட்டார் பெடலை எடைபோடுவது எப்படி

கிட்டார் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவில் வைத்துக் காலால் மிதித்து இயக்கும், ஒலியை மாற்றும் சிறு பெட்டி. இதன் விஷயத்தில் மலிவு என்றால் மோசம் என்ற கணக்கு எப்போதும் பொருந்தாது. ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் பெடல்களில் இன்று விற்கும் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் சர்க்யூட்டுகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைக்கப்பட்டவை. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப் 1969இல் வந்தது. பாஸ் டிஎஸ்-1, புரோகோ ராட் இரண்டும் 1978. ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் 1970களின் கடைசியில் வந்தது. இவற்றின் வரைபடங்கள் ஊரறிந்தவை. உள்ளே போகும் மின்தடை, மின்தேக்கி, டையோடு, ஆப்-ஆம்ப் சிப் எல்லாமே சல்லிசாகக் கிடைப்பவை. அதனால் யாரும் கேள்விப்படாத நிறுவனம்கூட நல்ல ஒலி தரும் பெடலைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடியும். பல நிறுவனங்கள் கொடுக்கவும் செய்கின்றன.

அப்படியானால் விலையை எங்கே குறைக்கிறார்கள்? காலால் மிதிக்கும் சுவிட்ச், கேபிள் செருகும் ஜாக், குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் (திருகினால் அளவு மாறும் மின்தடை), மின்சாரம் உள்ளே நுழையும் இடம், இந்த நான்கில்தான். புதிதாக வாங்குபவர்கள் பெடலைச் செருகியதும் ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில், அறியாத நிறுவனத்தின் பெடலில் ஒலியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை வேறு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வாங்கும் முன்: இது எந்த வம்சம்?

விற்பனைப் படத்தில் குமிழ்களின் பெயர்களைப் படியுங்கள். டிரைவ், டோன், லெவல் என்று மூன்று இருந்தால் பெரும்பாலும் டியூப் ஸ்க்ரீமர் வம்சம். கெயின், ட்ரெபிள், அவுட்புட் என்றிருந்தால் 1994இல் வந்த க்ளான் சென்டாரைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம் என்றால் ராட். சஸ்டெயின், டோன், வால்யூம் என்றால் பிக் மஃப். ஸ்பீட் என்று ஒரே ஒரு குமிழ் கொண்ட ஃபேசர் (ஒலியைச் சுழல்வதுபோல் அசைக்கும் பெடல்) என்றால் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90.

வம்சம் தெரிந்தால் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். டியூப் ஸ்க்ரீமர் வகை அடிநாதத்தைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை மேலே தூக்கும். டிரைவை முழுக்கத் திருகினாலும் கனமான மெட்டல் டிஸ்டார்ஷன் வராது. அது பெடலின் குறை இல்லை, சர்க்யூட்டின் குணம். ராட் வகையில் ஃபில்டர் குமிழை வலப்பக்கம் திருகத் திருக ஒலி மங்கும். மற்ற பெடல்களின் டோன் குமிழுக்கு இது நேரெதிர். இது தெரியாமல் பெடல் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பிக் மஃப் வகை நடுப்பகுதியைக் குழிவாக்கிவிடும். அறையில் தனியாக வாசித்தால் பிரம்மாண்டமாக இருக்கும், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, அதே பெடல் வேறு பெயரிலும் விற்கிறதா என்று பாருங்கள். ஒரே தொழிற்சாலை பல நிறுவனங்களுக்குப் பெடல் செய்து கொடுப்பது இந்தத் துறையில் சர்வசாதாரணம். பெட்டியின் அளவு, குமிழ்கள் அமைந்திருக்கும் விதம், ஜாக்குகள் இருக்கும் இடம், விளக்கு இருக்கும் இடம் எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போய் நிறமும் பெயரும் மட்டும் வேறாக இருந்தால், உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கொஞ்சம் பிரபலமான பெயரில் விற்கும் பெடலைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வைத்து இதையும் ஓரளவு கணிக்கலாம்.

விவரப் பக்கத்தில் நான் தேடுவது மூன்று விஷயங்கள்: எத்தனை வோல்ட், எந்தத் துருவம், எத்தனை மில்லிஆம்பியர். இந்த மூன்றையும் எழுதத் தெரியாத நிறுவனத்திடம் டிலேயோ (எதிரொலி தரும் பெடல்) ரிவெர்போ (பெரிய அறையின் முழக்கம் தரும் பெடல்) வாங்க மாட்டேன். அப்புறம், பழுதானால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பாருங்கள். டெமோ வீடியோவை வைத்து ஒலியை முடிவு செய்ய வேண்டாம். அங்கே கேட்பது அவர்களுடைய ஆம்ப், அவர்களுடைய மைக், அவர்கள் செய்த எடிட்டிங். குமிழ்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

மின்சாரம்: தவறினால் பெடலே போய்விடும் இடம்

பெடல் கைக்கு வந்ததும் கிட்டாரைத் தொடாதீர்கள். பெடலின் மின் ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளைவு, இரண்டிலிருந்தும் கோடு போய் கூட்டல், கழித்தல் குறிகள். நடுப் புள்ளி கழித்தல் குறியோடு சேர்ந்திருந்தால் 'சென்டர் நெகட்டிவ்'. பெடல் உலகின் பொதுவழக்கம் 9 வோல்ட் டிசி, சென்டர் நெகட்டிவ், 2.1 மில்லிமீட்டர் பின். ஆனால் வீட்டில் கிடக்கும் ரவுட்டர், பொம்மை, விளக்கு ஆகியவற்றின் அடாப்டர்கள் பெரும்பாலும் சென்டர் பாசிட்டிவ். பின் அதே அளவில் இருப்பதால் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். தலைகீழ்த் துருவத்தைத் தடுக்க ஒரு டையோடு போட்டிருந்தால் பெடல் பிழைக்கும். மலிவுப் பெடலில் அந்த டையோடைப் போட்டிருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் பெடல்களில் சில, பாசிட்டிவ் கிரவுண்டில் (கூட்டல் முனையைப் பெட்டியின் பொது இணைப்பாகக் கொண்டு) ஓடுபவை. அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இணைக்கக் கூடாது. தனி மின்வழியோ பேட்டரியோ வேண்டும்.

வோல்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "18 வோல்ட் கொடுத்தால் ஒலி இன்னும் திறந்து வரும்" என்று படித்திருப்பீர்கள். சில பெடல்களுக்கு அது உண்மை. ஆனால் பெட்டியில் 9 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் 9தான். உள்ளே 16 வோல்ட் வரைதான் தாங்கும் மின்தேக்கிகள் இருக்கலாம். வோல்ட்டை உள்ளேயே இரட்டிப்பாக்கும் சிப் வைத்த பெடல்களும் உண்டு. அந்தச் சிப்புகளில் சில வகைகள் 10 வோல்ட் சொச்சத்தைத் தாண்டினாலே எரிந்துவிடும். பழைய, ரெகுலேட் செய்யப்படாத அடாப்டர் ஒன்று 9 வோல்ட் என்று எழுதிக்கொண்டு, சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். மல்டிமீட்டர் ஒன்று வைத்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது.

மில்லிஆம்பியரில் பயப்பட ஒன்றுமில்லை. அடாப்டரில் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. பெடல் தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 500 மில்லிஆம்பியர் அடாப்டரில் 10 மில்லிஆம்பியர் பெடலைத் தாராளமாக ஓட்டலாம். மறுபக்கம்தான் சிக்கல். அனலாக் ஓவர்டிரைவ் 5 முதல் 20 மில்லிஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும், டிஜிட்டல் ரிவெர்ப் 100, 200 என்று கேட்கலாம். போதாவிட்டால் பெடல் விட்டுவிட்டு ஓடும், அல்லது விளக்கு எரிந்தும் ஒலி வராது.

அணைத்து வைத்துக் கேளுங்கள்

இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். பெடல் ஓடும் நேரத்தைவிட அணைந்து கிடக்கும் நேரம் அதிகம். அணைந்திருக்கும்போது கிட்டாரின் ஒலியைக் கெடுக்கிறது என்றால், அது இயங்கும்போது எவ்வளவு இனிமையாக இருந்தும் பயனில்லை.

கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் செருகிச் சுத்தமான ஒலியில் வாசியுங்கள். மேல் கம்பிகளின் பளபளப்பைக் காதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெடலை நடுவில் வைத்து, அணைத்த நிலையில் அதே இடத்தை அதே அழுத்தத்தில் வாசியுங்கள். ஒலி மங்கியிருக்கிறதா? சத்தம் குறைந்திருக்கிறதா?

மங்குவதற்குக் காரணங்கள் இரண்டு. கிட்டார் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பைகோஃபாரட் கொள்ளளவு உண்டு. பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் கிட்டாரின் பாகம்) மின்மறுப்பு அதிகம் என்பதால், கேபிள் நீள நீள உயர் ஸ்வரங்கள் கரைந்துகொண்டே போகும். பெடலுக்குப் பிறகு இரண்டாவது கேபிளைச் சேர்த்தால் நீளம் இரட்டிப்பாகிவிடுகிறது, அதற்குப் பெடலைக் குறை சொல்ல முடியாது. அதனால் ஒப்பிடும்போது மொத்தக் கேபிள் நீளம் இரு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இரண்டு கேபிள்களை ஒரு இணைப்பானால் சேர்த்து முதல் முறை கேட்டால் போதும். அப்படிச் செய்தும் பெடலோடு மங்கலாக இருந்தால் அதுதான் இரண்டாவது காரணம்: அணைந்த நிலையிலும் பெடல் பிக்கப்புக்குச் சுமையாக இருக்கிறது. பழைய பாணி ஒருபக்கச் சுவிட்சில் இது நடக்கும். நுழைவுப் பக்கம் சர்க்யூட்டோடு ஒட்டியே இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் மாறும்.

இப்போது மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். ஒலி வந்தால் அது ட்ரூ பைபாஸ் (அணைத்தால் கிட்டாரின் ஒலி சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடந்துபோகும் அமைப்பு), அல்லது மேலே சொன்ன ஒருபக்கச் சுவிட்ச். எது என்று முன் சோதனை ஏற்கெனவே சொல்லியிருக்கும். ஒலியே வராவிட்டால் பெரும்பாலும் உள்ளே பஃபர் (சைகையை நீண்ட கேபிளையும் தாங்கும்படி வலுவாக்கும், மின்சாரம் தேவைப்படும் சர்க்யூட்) இருக்கிறது. பஃபர் கெட்டது இல்லை. நீண்ட கேபிளும் நான்கைந்து பெடல்களும் உள்ள வரிசையில் ஒரு நல்ல பஃபர் ஒலியைக் காப்பாற்றும். ஆனால் விவரப் பக்கத்தில் ட்ரூ பைபாஸ் என்று எழுதிவிட்டு, மின்சாரம் இல்லாதபோது ஒலி நின்றுபோனால் அந்த நிறுவனம் எழுதும் மற்ற எதையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

பெடலை இயக்கி, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மிஞ்சுவது பெடல், மின்சாரம், ஆம்ப் இவற்றின் இரைச்சல். பெடலை அணைத்தும் இயக்கியும் பார்த்தால் பெடலின் பங்கு தெரிந்துவிடும்.

'ஸ்ஸ்' என்ற சீறல் ஓரளவு இருக்கத்தான் செய்யும். கெயினை முழுக்கத் திருகினால் எந்தப் பெடலும் சீறும், விலை உயர்ந்ததும் சீறும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் இருந்தால் அது மின்சாரத்திலிருந்து வருவது. பேட்டரி வைக்க வசதி இருந்தால் வைத்துக் கேளுங்கள். ரீங்காரம் மறைந்தால் குற்றவாளி அடாப்டர், பெடலைத் திட்ட வேண்டாம். கிட்டார் வால்யூமைக் கூட்டியதும் வந்து, நீங்கள் திரும்பி நிற்கும் திசைக்கேற்ப ஏறி இறங்கும் ரீங்காரம் சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள் கொண்ட) பிக்கப்புடையது.

மலிவுப் பெடல்களில் உண்மையில் எரிச்சலூட்டுவது மெல்லிய, உயரமான 'கீய்ய்' சத்தம். வோல்ட் மாற்றும் சிப்பின் துடிப்பு காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் விழுந்தால் இது வரும். டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே அடாப்டரில் கிளை பிரித்து ஓட்டினாலும் வரும். பெடலைத் தனி அடாப்டரில் தனியாக ஓட்டிப் பாருங்கள். அப்போதும் 'கீய்ய்' இருந்தால் அது வடிவமைப்பிலேயே உள்ள குறை, திருப்பி அனுப்பிவிடுங்கள். தனியாக ஓடும்போது அமைதியாக இருந்தால், ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி மின்வழி தரும் பவர் சப்ளை வாங்கினால் தீர்ந்துவிடும். அந்தச் செலவையும் பெடலின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போதுதான் ஒலி, அதுவும் சம சத்தத்தில்

சத்தம் கூடினாலே காதுக்கு ஒலி நன்றாக இருப்பதாகத் தோன்றும். மனிதக் காது குறைந்த சத்தத்தில் அடிநாதத்தையும் உச்சத்தையும் குறைவாகவும், சத்தம் கூடக் கூட அவற்றை நிறைவாகவும் கேட்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். ஆகவே லெவல் குமிழ் கொஞ்சம் மேலே இருக்கும் பெடல், எந்தக் குணமும் இல்லாமலே ஜெயித்துவிடும்.

பெடல் இயங்கும்போதும் அணையும்போதும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி முதலில் லெவலைச் சரிசெய்யுங்கள். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், ஏனென்றால் கெயினைத் தொட்டால் சத்தமும் மாறும். இரண்டு பெடல்களை ஒப்பிட்டால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். கையில் லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) இருந்தால் மிக நல்லது. ஒரு சிறு வாசிப்பைச் சுத்தமாகப் பதிந்து, லூப்பரைப் பெடலுக்கு முன்னால் வைத்து ஓடவிடுங்கள். உங்கள் கை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி மீட்டுவது ஒப்பீட்டைக் கெடுக்காது, குமிழ்களைத் திருகவும் இரு கைகள் கிடைக்கும். லூப்பரின் வெளியீடு பிக்கப்பைப் போல நடந்துகொள்ளாது என்பதால் ஃபஸ் பெடலுக்கு மட்டும் இந்த வழி சரிவராது.

எதை வாசிப்பது? தெரிந்த ஒரே பாட்டை வாசிப்பதைவிட, வேறு வேறு வேலை வாங்கும் துண்டுகள் நல்லது. ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரு திறந்த கார்டு: ஓவர்டிரைவில் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, கூழாகிவிட்டனவா? ஒரே ஸ்வரத்தை மீட்டி அது கரையும் வரை விடுங்கள். கடைசியில் மெதுவாக மறைகிறதா, அல்லது பொரிந்து திடீரென்று அறுந்து விழுகிறதா? மலிவு டிஸ்டார்ஷன்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அடுத்து மெதுவாகவும் ஓங்கியும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். விரலின் அழுத்தம் ஒலியில் தெரிய வேண்டும். கிட்டார் வால்யூமைப் பாதிக்கு இறக்கினால் ஓவர்டிரைவ் தெளிந்து வர வேண்டும்.

பிறகு ஏதாவது ஒரு டிரம்ஸ், பேஸ் கிட்டார் பின்னணியை ஓடவிட்டு அதன்மேல் வாசியுங்கள். தனியாகக் கேட்டபோது மூக்கால் பாடுவது போலிருந்த டியூப் ஸ்க்ரீமர் வகை இங்கே தன் இடத்தைப் பிடித்துக்கொள்வதைக் கவனிப்பீர்கள். குழுவோடு வாசிக்கப்போகிறவர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஹெட்ஃபோனில் தனியாக மட்டும் வாசிப்பவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை.

குமிழ்களின் வீச்சையும் பாருங்கள். ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து முழுமைவரை மெதுவாகத் திருகுங்கள். மாற்றம் பரவலாக நடக்க வேண்டும். முதல் கால் திருப்பிலேயே எல்லாம் முடிந்து மீதித் தூரம் வெறுமனே சுற்றினால், குமிழுக்கு அடியில் அந்த இடத்துக்குப் பொருந்தாத வகை பாட் போட்டிருக்கிறார்கள். வாசிக்க முடியும், ஆனால் மேடையில் நினைத்த இடத்தில் நிறுத்துவது கஷ்டம். திருகும்போது 'கரகர' என்றால் குமிழின் பாட் உள்ளே அழுக்கு இருக்கலாம், அல்லது மின்தேக்கி ஒன்று கசிந்து டிசி மின்சாரம் அந்த பாட் வரை வருகிறது. புத்தம் புதிய பெடலில் இரண்டுமே ஏற்கத்தக்கதல்ல.

வகைக்கு வகை கவனிக்க வேண்டியவை

டிலே: மலிவு டிலேக்கள் பலவற்றில் பிரின்ஸ்டன் டெக்னாலஜியின் பிடி2399 என்ற சிப் இருக்கும். இது டிஜிட்டல் சிப்தான், ஆனால் எதிரொலி மங்கலாகவும் இதமாகவும் வருவதால் "அனலாக் டிலே" என்ற பெயரில் விற்கிறார்கள். சுமார் 340 மில்லிசெகண்ட் வரை ஒழுங்காக இருக்கும். அதற்குமேல் நீட்ட நீட்ட இரைச்சலும் சிதைவும் ஏறும். 600 மில்லிசெகண்ட் என்று எழுதியிருந்தால், டைம் குமிழை முழுக்கத் திருகி அந்தக் கடைசிப் பகுதி உங்களுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். எதிரொலிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் குமிழை உச்சிக்குக் கொண்டுபோனால் பல டிலேக்கள் தாமாகவே ஊளையிட ஆரம்பிக்கும். அது இயல்பு, சிலர் அதற்காகவே வாங்குகிறார்கள். ஆனால் ஆம்பின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சோதியுங்கள், ஹெட்ஃபோனில் வேண்டவே வேண்டாம்.

ரிவெர்ப்: மிக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து இயக்கியும் அணைத்தும் பாருங்கள். வித்தியாசம் தெரியக் கூடாது. ஒலி மெலிந்தாலோ மெல்லிய தாமதம் தெரிந்தாலோ, கிட்டாரின் நேர் ஒலியையும் எண்ணாக மாற்றித் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சிறு நிறுவனங்கள் பலவும் ஸ்பின் செமிகண்டக்டரின் எஃப்வி-1 சிப்பை நம்பியிருக்கின்றன. அது நல்ல சிப். அதற்குள் ஏற்கெனவே பதிந்துவரும் நிரல்களை அப்படியே வைத்திருக்கிறார்களா, சொந்தமாக எழுதினார்களா என்பதில்தான் பெடலுக்குப் பெடல் வேறுபாடு.

கோரஸ், ஃபேசர், ட்ரெமலோ: இவை மூன்றும் ஒலியைத் தாளத்தில் அசைப்பவை. கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கி, டெப்த்தை (அசைவின் ஆழத்தை) முழுக்க வைத்துக் காதைக் கூர்மையாக்குங்கள். அசைவின் தாளத்தோடு சேர்ந்து 'டிக்... டிக்' என்று கேட்டால், உள்ளே இருக்கும் அசைவுச் சர்க்யூட்டின் துடிப்பு ஒலிப் பாதையில் கசிகிறது. சர்க்யூட் பலகை வடிவமைப்பில் செய்த தவறு அது, வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது.

ஃபஸ்: ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் பிக்கப்போடு நேரடியாகப் பேச விரும்பும். அதற்கு முன்னால் பஃபர் உள்ள பெடல் எதுவும் வேண்டாம். வரிசையில் முதலாவதாக வைத்துச் சோதியுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஃபஸ்ஸும் தகரம்போல் ஒலிக்கும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ளது என்றால் வெப்பத்துக்கேற்ப ஒலி மாறும், குளிர்ந்த அறையிலும் சூடான அறையிலும் கேட்டு வையுங்கள்.

கையும் காலும்

சுவிட்சை வேகமாக, மெதுவாக, ஓரத்தில் சாய்வாக என்று பல விதமாக மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஸ்பீக்கரில் 'டப்' என்று அடித்தால் சில தடவை மிதித்த பிறகு அது குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் வடிகிறது என்று அர்த்தம், பெரிய பிரச்சினை இல்லை. எப்போதும் ஒரே அளவில் அடித்தால், அந்த மின்னூட்டத்தை வடிப்பதற்கு வைக்க வேண்டிய மின்தடையை விட்டுவிட்டார்கள்.

ஜாக்கில் கேபிளைச் செருகி, லேசாக அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள். ஒலி விட்டுவிட்டு வரக் கூடாது. ஜாக்கைச் சுற்றி உலோக நட் பெட்டியோடு இறுகப் பிடித்திருந்தால், கேபிளை யாராவது இடறினாலும் இழுவிசை பெட்டிக்குப் போகும். நட் இல்லாத பிளாஸ்டிக் ஜாக் என்றால் இழுவிசை முழுவதும் உள்ளிருக்கும் பலகையின் ஈயப்பற்றுக்குப் போகும். குமிழ்களின் அடியிலுள்ள பாட்களுக்கும் இதே கதைதான். குமிழைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள்.

பெடல் ஓடும்போது பெட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். லேசான 'தொக்' கேட்பது சகஜம். படபடவென்று பொரிந்தால் எங்கோ பற்று சரியில்லை.

உள்ளே பார்ப்பது

மூடியைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்று எழுதியிருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள், வெளிச்சோதனைகளே பெரும்பகுதி சொல்லிவிடும். 9 வோல்ட் பெடலைத் திறப்பதில் ஆபத்தில்லை. வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த பெடல்களை மட்டும் திறக்காதீர்கள், சிலவற்றில் உள்ளே உயர் வோல்ட் இருக்கும்.

மின்சாரத்தையும் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு நான்கு திருகுகளைக் கழற்றுங்கள். பற்றுகள் பளபளப்பாக, கூம்பு வடிவில் இருக்கின்றனவா, மங்கி உருண்டையாக நிற்கின்றனவா? பறக்கும் ஒயர்கள் தளர்ந்து தொங்குகின்றனவா? பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைத்த பொடிப்பொடியான பாகங்களைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அவை ஒலியைக் கெடுப்பதில்லை. பழுது பார்ப்பதுதான் கடினம். சுவிட்ச் தனிப் பலகையில் ஒயரால் இணைந்திருந்தால் நல்லது, பிற்காலத்தில் அதை மட்டும் மாற்றலாம். சாதாரண ஒன்பது கால் சுவிட்ச் என்றால் ஈயப்பற்று வைக்கத் தெரிந்த எவரும் மாற்றிவிடுவார். மினி பெடல்களில் இரண்டு பலகைகளை அடுக்கி எல்லாவற்றையும் நேராகப் பற்றவைத்திருப்பார்கள். சுவிட்ச் போனால் அந்தப் பெடல் போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் ஒரு முழு மாலை தொடர்ந்து ஓடவிடுங்கள். டிஜிட்டல் பெடல் இளஞ்சூடாகலாம், கை வைக்க முடியாத அளவு சூடாகக் கூடாது. சூடேறிய பிறகு இரைச்சலையும் சுவிட்சையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

அணைந்த நிலையில் ஒலியைத் தின்பது, தனி மின்சாரத்திலும் போகாத 'கீய்ய்', ஜாக் ஆட்டினால் அறுந்துபோகும் ஒலி, மிதித்தால் மாறாத சுவிட்ச் இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். டோன் குமிழின் கடைசிப் பகுதி காதைக் குத்துகிறது, விளக்கு கண்ணைக் கூசுகிறது, குமிழின் எழுத்து படிக்க முடியவில்லை என்பவற்றை விலையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி பிடிக்கவில்லை என்றால் அதுவே போதுமான காரணம், சர்க்யூட் எவ்வளவு பிரபலமானதாக இருந்தாலும் சரி.

பேட்டரி வைத்த பெடலை வைத்துக்கொள்வதென்று முடிவானால், வாசித்து முடித்ததும் நுழைவு ஜாக்கிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்த ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

அந்த நிறுவனத்தின் ஓவர்டிரைவ் பிடித்துப்போனதால் அவர்களுடைய டிலேயையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தோன்றும். ஓவர்டிரைவில் அவர்கள் பின்பற்றியது நன்கு தேறிய பழைய சர்க்யூட். டிலேயில் சிப்பின் தேர்வு, மின்சாரத்தை வடிகட்டும் விதம், பலகையில் டிஜிட்டல் பகுதியை எங்கே வைப்பது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டியவை நிறைய. அதனால் இரண்டாவது பெடலையும் மின் ஜாக்கின் பக்கத்திலுள்ள அந்தச் சின்னப் படத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.